கம்ப்யூட்டரில் அண்ணனின் பாதி

எங்கள் குடும்பத்தில் வாய்ச்சண்டை இல்லாமல் நடந்த ஒரே பாகப்பிரிவினை கம்ப்யூட்டருக்குள் நடந்ததுதான். இன்ஜினியரிங் படித்த அண்ணன் அதை இரண்டாகப் பிரித்து, விண்டோஸ் இருந்த பாதியை வீட்டுக்கு விட்டுக்கொடுத்தான். இன்னொரு பாதியில் லினக்ஸ் என்கிற வேறொரு சிஸ்டம் போட்டுத் தனக்கு வைத்துக்கொண்டான். கம்ப்யூட்டரைப் போட்டதும் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரும். லினக்ஸ் என்று அடித்தால் அண்ணன் பக்கம் திறக்கும். அங்கே எனக்கும் ஒரு பெயர் கொடுத்து, நான் நுழைந்ததும் "வாங்க அம்மணி" என்று ஆங்கில எழுத்தில் வரும்படி செய்து வைத்திருந்தான்.

அவன் நொய்டாவுக்கு வேலைக்குப் போனபோது நான் ஏழாம் வகுப்பு. சூலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்குடோன். அப்பாவும் அம்மாவும் அதற்குள் போனால் இருட்டித்தான் வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நானும் தறிச் சத்தமும்தான். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரைப் போட்டு, அண்ணனின் அந்த ஒரு வரவேற்பை வாங்கிக்கொண்டு, அணைத்துவிடுவேன். அதற்குமேல் அங்கே என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் விண்டோஸ் பக்கம் வைரஸ் புகுந்துவிட்டது. அப்பா ஒரு கடைக்காரரைக் கூட்டிவந்து விண்டோஸைப் புதிதாகப் போடச் சொன்னார். அவர் போன பிறகு கம்ப்யூட்டர் எதுவுமே கேட்காமல் நேராக விண்டோஸுக்குள் போனது. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், கேள்வி வரவில்லை. தறிக்குடோனுக்கு ஓடி, "அண்ணன்..." என்று ஆரம்பித்தவள் அழுதுவிட்டேன். அம்மா பதறிப்போய்த் தறியையே நிறுத்திவிட்டாள். விஷயம் தெரிந்ததும் என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவான். என் முறை எப்போதும் "சாப்டீங்களா, படிக்கறீங்களா" என்பதோடு முடிந்துவிடும். அந்த ஞாயிறு தேம்பிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன்.

"ஒண்ணும் அழியலீங்க அம்மணி. எல்லாம் உள்ளயேதான் இருக்குது. வாசலைத்தான் மறைச்சுப்போட்டாங்க" என்றான்.

அலமாரியில் ஒரு ஃபிளாப்பி இருக்கும், தேடி எடுத்து வை, மீதியை அடுத்த வாரம் சொல்கிறேன் என்றான். தேடவே வேண்டியிருக்கவில்லை, முன்னாலேயே இருந்தது. அடுத்த வாரம் அந்த ஃபிளாப்பியைப் போட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து, திரையில் வருவதைப் படித்துக்காட்டச் சொன்னான். போன் முன்னறையில், கம்ப்யூட்டர் உள்ளறையில். ஓடிப்போய் ஒரு வரியை மனப்பாடம் செய்து, ஓடிவந்து ஒப்பிப்பேன். பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அவனோ நடுநடுவே மழை வந்ததா, இன்றைக்கு என்ன குழம்பு, தறியில் என்ன துணி ஓடுகிறது என்று விசாரிப்பான். வேலையைப் பார்க்காமல் ஊர்க்கதை பேசுகிறானே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். வாரத்துக்கு ஒரு படியாக அது ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது.

கடைசியில் ஒரு ஞாயிறு, பாஸ்வேர்டைச் சொல்லி, உள்ளே போய் 'லிலோ' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டரைத் தட்டச் சொன்னான். தட்டினேன். ஃபிளாப்பியை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். கறுப்புத் திரை வந்து, எந்தப் பக்கம் என்று கேட்டது.

மொத்தமாகவே அது ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. பின்னாளில் நானும் இதே தொழிலுக்கு வந்து, பாஷை புரியாத ஊரில் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து அதைச் செய்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தெரியாது. ஓடிவந்து ரிசீவரை எடுத்து, "வந்துருச்சுங்ண்ணா!" என்று கத்தினேன்.

"கெட்டிக்காரி" என்றான். பிறகு, "ஏனுங்க அம்மணி, அதுல வேற ஏதாச்சும் கெட்டுக் கிடக்குதுங்களா? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டான்.

"ஒண்ணுமே இல்லீங்ண்ணா, எல்லாம் சூப்பரா ஓடுது" என்று பெருமையாகச் சொன்னேன். அவன் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன்.