சங்கத்தின் அழகான இணையத்தளம்

கண்பார்வை போன பிறகு, கணினித் திரையை எனக்கு வாசித்துச் சொல்ல ஒரு மென்பொருள் இருக்கிறது. மேலிருந்து கீழாக, ஒன்றுவிடாமல் வாசிக்கும். ஆகவே எங்கள் காஜா பேராங் வட்டாரத் தமிழர் சங்கம் புது இணையத்தளம் திறந்தபோது, அதன் அருமையை முழுமையாக அனுபவித்த ஒரே உறுப்பினர் நான்தான்.

ஒரு சனிக்கிழமை காலை, புக்கிட் ரம்பாயில் இருக்கும் என் பள்ளித்தோழியின் கணவர் இறந்துவிட்டதாகக் கைப்பேசியில் செய்தி வந்தது. விவரம் சங்கத்தின் தளத்திலாம். திறந்தேன். முகப்பு, எங்களைப் பற்றி, தலைவர் உரை என்று தொடங்கிய குரல், முன்னாள் தலைவர்கள், கோலப்போட்டி, இளைஞர் பிரிவு என்று நிதானமாக நடந்தது. பிறகு விளக்கம் எழுதாத படங்கள்; ஒவ்வொன்றுக்கும் "படம்" என்று அறிவிப்பு. துக்கச் செய்திக்கான இணைப்பை அழுத்தினால் இன்னொரு பக்கம். அங்கும் முகப்பிலிருந்தே பாராயணம். நடுவில், தானாக ஓடும் படக்காட்சி என்னைத் திரும்ப மேலே தள்ளியது. இறுதிச் சடங்கின் நேரம் காதில் விழுந்தபோது அந்த நேரமே கடந்திருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தோழி என் கையைப் பிடித்து, "நீ வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

மறுநாள் செயலாளரிடம் சொன்னேன். வருந்தினார். தளத்தின் வண்ணங்களை எல்லோரும் பாராட்டுவதையும் மறக்காமல் சொன்னார்.

"போன் அடிச்சி கேட்டிருக்கலாமேக்கா."

"எல்லாரும் போன் அடிச்சே கேட்டுக்கலாமே. வெப்சைட் எதுக்கு?"

தளத்தை வடிவமைத்தவரை என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து வந்த அவருக்குத் தேநீர் கொடுத்து, திரையை அணைத்துவிட்டு, குரலை மட்டும் கேட்டு அவர் தளத்திலேயே ஓர் அறிவிப்பைத் தேடச் சொன்னேன். தேநீர் ஆறிப்போனது.

"எழுத்தைப் பெருசாக்கிட்டா அது தலைப்புன்னு நெனச்சிட்டேன்கா" என்றார் கடைசியில்.

குரலுக்கும் தலைப்பென்று தெரிந்து, நான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்படி தலைப்புகளைக் குறித்தார். படங்களுக்கு விளக்கம் எழுதினார், படக்காட்சியின் ஓட்டத்தை நிறுத்தினார். பக்கம் திறந்ததும் பட்டியலைத் தாண்டி நேராகச் செய்திக்குப் போக ஓர் இணைப்பு வைத்தார். விசைப்பலகையில் விசையைத் தட்டினால் மட்டுமே அது தெரியும், வண்ணங்களுக்குப் பங்கம் வராது.

சங்கத் தலைவர் திருத்திய தளத்தை வெகுநேரம் ஆராய்ந்து, தன் படம் ஓடாமல் நிற்பதை மட்டும் கண்டுபிடித்தார்.

தோழியை மறுபடி பார்க்கப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். "எங்க வீட்டுக்காரரும் எங்கயும் நேரத்துக்குப் போனதில்ல" என்றாள். சிரிக்கிறாள் என்று குரலில் தெரிந்தது.