ஆலங்கட்டி தந்த வளர்ச்சி

நெப்ராஸ்கா மாநிலத் தலைநகர் லிங்கனில், அரசுக்கு எந்த ஊரிலிருந்து எவ்வளவு வரி வந்தது என்று தொகுத்துச் சொல்லும் அலுவலகத்தில் ஆர்டித் ஸ்வோபொதாவுக்கு இருபத்தொன்பது வருட வேலை. அவளைப் பெரிய அறிவாளி என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் ஓர் எண் பிடிபடவில்லை என்றால் அன்றைக்கு அவளுக்குச் சோறு தண்ணி இறங்காது. எங்கே புகை தெரிந்தாலும் மூக்கை நுழைத்துப் பார்க்கிற பிறவி அவள்.

அந்தப் பிப்ரவரியில் பிடிபடாத எண் நாற்பத்தொன்று. மேற்குக் கோடியிலுள்ள கெலர் மாவட்டத்தில் விற்பனை வரி ஒரே வருடத்தில் நாற்பத்தொரு விழுக்காடு கூடியிருந்தது. மாவட்டம் என்று பேர்தான் பெரிது. மனிதர்கள் ஆயிரத்து எண்ணூறு பேர், மாடுகள் அதைப்போலப் பத்து மடங்கு. அங்கே ஒரு புதுக் கடை திறந்ததாகக்கூட அவள் கேள்விப்படவில்லை.

இதைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. செனட்டர் ரெம்ப் ஒரு மசோதா கொண்டுவந்திருந்தார். வரி வரவு பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடிய மாவட்டங்கள் இனிச் சொந்தக் காலில் நிற்கட்டும், அவற்றின் பள்ளிகளுக்கு மாநில உதவி பாதியாகட்டும் என்பது அவர் யோசனை. பட்டியலில் மூன்று மாவட்டங்கள் சிக்கின. முதலிடத்தில் கெலர். அங்கே இருப்பது ஒரே பள்ளி. பாதி உதவி போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான். பிள்ளைகள் அறுபது மைல் பஸ்ஸில் போக வேண்டும்.

சனிக்கிழமை சொந்தக் காரில், சொந்தப் பெட்ரோலில் ஆர்டித் மேற்கே புறப்பட்டாள். ஆறு மணி நேரம். ஊருக்குள் நுழைந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். வீடுகளுக்கெல்லாம் பழைய சுவர், புத்தம்புதுக் கூரை. தேவாலயத்துக்கும் அப்படியே. பசியோடு உணவகத்தில் போய் உட்கார்ந்தவளுக்கு, கடைக்காரி லவான் ஒரு கிண்ணம் பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

“ஊரே பளபளன்னு இருக்கே, என்ன விசேஷம்?”

“விசேஷமா? நல்லா கேட்டீங்க போங்க! போன ஜூலையில ஆலங்கட்டி மழை, அக்கா. ஒவ்வொண்ணும் பேஸ்பால் சைசு. பதினோரு நிமிஷம்தான். கூரை, காரு, ஜன்னல் ஒண்ணையும் விடல.”

“காப்பீட்டுப் பணம் வந்துச்சா?”

“வந்துச்சு. கூரைத் தகடு, ஆணி, கண்ணாடி, காருன்னு வாங்கித் தீர்த்தோம். வேலை செய்ய டெக்சாஸ்லேர்ந்து ஆளுங்க வந்து மூணு மாசம் இங்கதான் தின்னாங்க. குடுக்கிற தெய்வம் கூரையப் பிச்சிக்கிட்டுக் குடுக்கும்பாங்க. எங்களுக்குப் பிச்சது மட்டும்தான் மிச்சம்.”

“சோளம்?”

லவானின் சிரிப்பு நின்றுவிட்டது. “தரையோட தரையாப் போச்சு. எங்க வீட்டுக்காரரு இந்த வயசுல லாரி ஓட்டப் போயிட்டாரு. இந்த வருஷம் யாரு இங்க சாமான் வாங்கப் போறாங்க, அக்கா?”

ஆர்டித்துக்குப் புதிர் விடுபட்ட சந்தோஷம். அந்த முகத்துக்கு முன்னால் சந்தோஷப்பட்டதற்கு வெட்கம் வேறு.

திங்கட்கிழமை அதிகாரி மெர்லிடம் சொன்னாள். அவர் கைகூப்பாத குறைதான்.

“எவ்வளவுன்னு சொல்றதுதாம்மா நம்ம வேலை. ஏன்னு சொல்றதில்ல. எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்கு. சும்மா இருக்கிற சங்கை ஏன் ஊதிக் கெடுக்கணும்?”

மறுநாள் சட்டமன்றக் குழு அந்த மசோதாவை விசாரிக்க இருந்தது. அவள் அதற்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

அந்த மாநிலத்தில் எந்த மசோதாவானாலும் யார் வேண்டுமானாலும் அந்தக் குழுவின் முன் வந்து மூன்று நிமிடம் பேசலாம். ஆதரிப்பவர்கள் முதலில், எதிர்ப்பவர்கள் அடுத்து, இரண்டும் இல்லாதவர்கள் கடைசியில். ஆர்டித் கடைசி வரிசையில் காத்திருந்தாள். அவள் முறை வந்தபோது உறுப்பினர்களில் பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். ஆலங்கட்டி, கூரை, காப்பீடு, செத்த சோளம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

ரெம்ப் நிமிர்ந்தார். “அப்போ உங்க ஆபீஸ் குடுத்த எண் தப்புங்கிறீங்களா?”

“எண் சரிதாங்கய்யா. நீங்க அதை வளர்ச்சின்னு படிக்கிறீங்க பாருங்க, அதுதான் தப்பு. அது ஒரு ஊரு அடிவாங்கின கணக்கு.”

அவள் பின்னாலேயே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மெர்ல் தலையில் கை வைத்துக்கொண்டார். ரெம்ப் கோபப்படவில்லை. பேனாவை எடுத்துப் பட்டியலில் கெலரின் மேல் ஒரு கோடு இழுத்தார். ஆர்டித்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“சரிம்மா. ரெண்டாவது, வார்னக் மாவட்டம். இருபத்தாறு விழுக்காடு. அது எதனால?”

அந்த எண்ணையும் அவள்தான் அனுப்பியிருந்தாள். “தெரியலைங்கய்யா.”

“மூணாவது?”

“அதுவும் தெரியல.”

அவளுக்குக் காது சுட்டது. இருபத்தொன்பது வருடமாக எத்தனை எண்களை அனுப்பியிருப்பாள்! எதை யார் எடுத்துப்போய் எந்த ஊரில் எதை மூடினார்களோ?

“ஒரு வாரம் டைம் குடுங்கய்யா, போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

“ஓட்டெடுப்பு வியாழக்கிழமைம்மா.”

அன்றைக்குச் செவ்வாய். வார்னக் வடமேற்கே இருநூற்றைம்பது மைல். மெர்ல் ஏதோ சொல்ல எழுந்து வருவதற்குள் ஆர்டித் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.