கேஸ் அடுப்பைப் பார்க்க வந்திருக்கேன்

அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து நேராகச் சமையலறையில் போய் நிற்பதுதான் என் வேலை. மைசூரில் ஒரு கேஸ் ஏஜென்சிக்காக வீடு வீடாக அடுப்பு, ட்யூப், ரெகுலேட்டர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். பாத்திரம் குவிந்து கிடக்கும் நேரமாகத்தான் நான் மணி அடிப்பேன் போலிருக்கிறது. உங்கள் வீட்டுக்கும் என்னை மாதிரி ஒருத்தி வந்திருப்பாள். நீங்களும் சிங்க்கை மறைத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

குட்டிப் பாத்திரம்

அக்ரஹாரத்தில் ரமேஷ் என்பவர், புதிதாகக் கல்யாணம் ஆனவர், சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று சண்டைக்கு நின்றார். எப்படிச் சமைக்கிறீர்கள், காட்டுங்கள் என்றேன். பெரிய பர்னரில் குட்டிப் பால் பாத்திரத்தை வைத்தார். தீ நாலு பக்கமும் வெளியே ஏறியது. கைப்பிடி ஏற்கெனவே உருகி வளைந்திருந்தது.

தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டக் கூடாது, வெளியே எரிவதெல்லாம் வீண் என்று சொல்லிச் சின்ன பர்னருக்கு மாற்றினேன். பருப்பை ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள், விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் பவ்யமாகத் தலையாட்டினார். ஹாலில் இருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்: “இதையேதான்க்கா நானும் தினம் சொல்றேன். நான் சொன்னா சும்னே வெட்டியாப் பேசறேன்னு அர்த்தம், யூனிஃபார்ம் போட்டுட்டுச் சொன்னா சரி.”

தீக்குச்சி

ஹனூர் பக்கத்து விவசாயி பழனிசாமி, மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். மகள் நர்ஸ், வேலைக்குப் போயிருந்தாள். நான் போனபோது அவர் புது சிலிண்டரை மாட்டி முடித்து, எங்காவது கசிகிறதா என்று பார்க்கத் தீப்பெட்டியைக் கையில் எடுத்திருந்தார். ஊரில் எப்போதும் அப்படித்தான் பார்ப்பாராம்.

பேச்சுக் கொடுத்துக்கொண்டே தீப்பெட்டியை வாங்கி அந்தப் பக்கம் வைத்தேன். சோப்பைக் கரைத்து, நுரையை ரெகுலேட்டர் மாட்டிய இடத்தில் தடவினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு குமிழ் குமிழாகக் கிளம்பியது. உள்ளே வாஷர் நைந்திருந்தது. நான் ரெகுலேட்டரைக் கழற்றி, வேறு வாஷர் போட்டு, மறுபடி நுரை தடவிக் காட்டினேன். அவர் தீப்பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “ஊருல நம்ம தீப்பெட்டி எப்பவும் நமுத்தே கெடக்கும். அதனாலதான் இத்தன நாளும் தப்பிச்சிருக்கேனாட்ட இருக்குதுங்.”

மீன் குழம்பு

நஞ்சன்கூடு சாலையில் ஒரு வீடு. மேரி டீச்சர் கதவைத் திறந்ததுமே வாடை மூக்கில் ஏறியது. சாக்கடை நாற்றம் என்றார். எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ரெகுலேட்டரை மூடினேன். ஜன்னல், பின்கதவு எல்லாவற்றையும் திறந்தோம். அடுப்பின் சூட்டில் ஒட்டியே கிடந்து ட்யூப் விரிசல் விட்டிருந்தது.

அந்தச் சமயம் அவர் கணவர் லூர்து, ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்தார். வாடை போகட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேன் ஸ்விட்சுக்குக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். ஸ்விட்சில் ஒரு பொறி போதும் என்று சொல்லி அவரை வாசலுக்குக் கூட்டிப்போனேன்.

வாடை அடங்கும்வரை மூன்று பேரும் வாசலில் நின்றோம். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சமையலறையில் ஏதோ அழுகின வாசனை என்று லூர்து சில நாட்களாகவே சொல்லியிருக்கிறார். தன் மீன் குழம்பைத்தான் பழிக்கிறார் என்று டீச்சர் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்; அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்று ஜன்னலையும் சாத்தி வைத்திருக்கிறார். புது ட்யூப் மாட்டி, அடுப்பில் படாமல் இழுத்து விட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கடைசியில் டீச்சர்தான் பேசினார்: “அப்போ மீன் குழம்பு நல்லாத்தானே இருந்துச்சு? அதை மேடம் முன்னாடி சொல்லுங்க.”

பால்

பெண்கள் சங்கம் ஒன்றில், ஊருக்குப் போகும்போது ரெகுலேட்டரை மூடுவது பற்றியெல்லாம் விளக்கினேன். சந்தேகம் உண்டா என்றதும் ஓர் அம்மா, பால் பொங்கி அடுப்பு அணைந்துபோகாமல் இருக்க என்ன வழி என்று கேட்டார். அணைந்தது தெரியாவிட்டால் கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். கேட்க வேண்டிய கேள்விதான். நான் யோசிப்பதற்குள், சிலிண்டர் போடும் எங்கள் மாதேவு முந்திக்கொண்டார்: “பால் காயறப்போ ஃபோனைக் கையில எடுக்காதீங்கம்மா. அஷ்டே, அவ்வளவுதான்.”

இத்தனை சமையலறை பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, அடுப்பைச் சுலபமாகச் சரிசெய்துவிடலாம், அதன் முன்னால் நிற்கிறவர்களுக்குத்தான் ரெகுலேட்டர் கிடைப்பதில்லை.