கேட்காமல் அடைத்த ஓட்டை

முதல் நாள் படித்த பாடம்

கொழும்புக் கோட்டையில் இருந்த ஒரு கெமரா சேர்விஸ் கம்பனியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, எங்கள் சுப்பர்வைசர் ஒரு பழைய கெமராவின் பின்கதவைத் திறந்தார். பிலிம் ஓடும் இடத்தில் எண்ணெய்க் கடதாசித் துண்டு ஒன்றை ஒட்டி, லென்ஸை ஜன்னல் பக்கம் திருப்பினார். கடதாசியில் எதிர்க்கட்டடம் தெரிந்தது, கூரை கீழேயும் தெரு மேலேயுமாக. அவர் சிங்களவர். எங்களோடு கதைக்கும்போது தமிழையும் சிங்களத்தையும் குழைத்துத்தான் கதைப்பார்; தம்பி என்பதற்கு 'மல்லி' என்பார்.

"மல்லி, இத மட்டும் மறக்க வேணாம். கெமரா உள்ள எல்லாம் அனித் பெத்த, மத்தப் பக்கம். மேல இருக்கிறது கீழ, இடது இருக்கிறது வலது. மறந்தா நீ வீட்ட போ."

இந்தப் பாடத்தை என் வாழ்நாளில் ஒருமுறைதான் மறந்தேன். அது வேலையை விட்டு, கொட்டாஞ்சேனையில் வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு, போன வருஷம். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். இப்போதும் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பிளாஸ்டிக் டப்பா

இப்போது பிலிம் கெமரா திரும்பவும் நாகரிகமாகிவிட்டது. யாரோ என் பெயரைப் போனில் போட்டுவிட்டார்களாம். பிள்ளைகள் எங்கள் மாடிப்படி ஏறி வருகிறார்கள். ஜன்னலோரம் என் மனைவியின் தையல் மெஷின் இருந்த மேசை இப்போது என்னுடைய வேர்க்‌ஷொப். மெஷின் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. அதற்கு அவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

தர்ஷினி வெள்ளவத்தையில் இருந்து வந்தாள். ஒரு பார்மசியில் வேலை செய்கிறவள். அவள் பையிலிருந்து எடுத்த சாமானைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்போதோ ஒரு பரிசுத் திட்டத்தில் சும்மா கொடுத்த பிளாஸ்டிக் கெமரா. ஃபோகஸ் இல்லை, பட்டரி இல்லை. லென்ஸ்கூடப் பிளாஸ்டிக். கோட்டையில் இதைக் கொண்டுவந்திருந்தால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பியிருப்போம்.

"அங்கிள், சுத்துற சக்கரம் சும்மா சுத்துது. பட்டனை அமத்தினா 'டிக்' எண்டு கேக்கேல்ல. அது மட்டும்தான் பிழை. வேற ஒண்டும் செய்ய வேண்டாம்."

"இத விட நல்ல கெமரா ஒண்டு எடுத்துத் தரட்டே பிள்ளை?"

"இல்ல அங்கிள், இதுதான் வேணும். அண்ணா கனடாக்குப் போறார். போக முந்தி எல்லாரும் நிண்டு ஒரு படம் எடுக்கவேணும். நாங்கள் வருஷா வருஷம் வெள்ளவத்தைக் கடற்கரையில இதாலதான் எடுக்கிறது."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சக்கர வேலை சின்ன வேலை. ஷட்டரை இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் பல் தேய்ந்திருந்தது. இன்னொரு செத்த கெமராவிலிருந்து ஒன்றைக் கழற்றி, அராவிப் பொருத்தினேன். டிக். வேலை முடிந்தது. அத்தோடு மூடி வைத்திருந்தால் நான் மனிசன்.

பின்கதவு என் கண்ணில் பட்டது. கதவு பொருந்துகிற பள்ளமான தவாளிப்பில் வெளிச்சத்தை மறிக்கிற சீல் என்று ஒன்றுமே இல்லை. மூலைகளில் மயிரிழை வெடிப்புகள். இப்படி ஒரு கெமரா என் மேசையில் இருந்து வெளியே போனால் என் பெயர் என்னாவது? கை துறுதுறுத்தது. 'வேற ஒண்டும் வேண்டாம்' என்று அவள் சொன்னதை, பிள்ளை தயக்கத்தில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தவாளிப்பு நான்கு பக்கமும் கறுப்புக் கம்பளி நூல் வைத்து ஒட்டினேன். வெடிப்புகளுக்கெல்லாம் எபொக்சிப் பசை. உட்புறம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். எந்த வெடிப்பால் வெளிச்சம் போகிறது என்று டோர்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அடைக்கும்போது எதற்குப் பார்ப்பது?

அவள் எடுக்க வந்தபோது நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "இனி ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள போகாது."

அவளுக்கு அது விளங்கவில்லை. "தாங்க்ஸ் அங்கிள்" என்று சந்தோஷமாகப் படியிறங்கிப் போனாள்.

அல்பம்

இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் வந்தாள். கையில் கெமராவும் ஒரு சின்ன அல்பமும்.

"சக்கரம் திரும்பவும் சும்மா சுத்துதோ?" என்றேன்.

"இல்ல அங்கிள். நல்லா வேலை செய்யுது."

அல்பத்தை விரித்துக் காட்டினாள். கடற்கரை, பின்னால் ரயில் பாதை, அப்பா, அம்மா, அண்ணன் கஜன், அவள். வழியில் போகிற யாரிடமாவது கெமராவைக் கொடுத்து எடுப்பித்த படங்கள். சிலதில் கால் இல்லை, சிலதில் கடல் சரிந்து கிடந்தது. ஆனால் ஒவ்வொரு படத்திலும் மேலே வலது மூலையில் தீ நாக்குப் போல ஒரு சிவப்புக் கீற்று. எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் லைட் லீக், வெடிப்பால் உள்ளே கசிகிற வெளிச்சம்.

"இது கடற்கரைச் சூரியன் எண்டுதான் நாங்கள் நினைச்சம். அப்பாக்கு இப்ப ஞாபகம் குறைஞ்சிட்டுது அங்கிள். ஆக்களைப் பிடிபடாது. ஆனா இந்தச் சிவப்பைக் கண்டா உடனே, 'இது எங்கட படம்' எண்டுவார். பிறகு ஒவ்வொருத்தரா பேர் சொல்லுவார். பின்னேரத்தில இதுதான் எங்கட வேலை."

பிறகு புதுப் படத்தை எடுத்து வைத்தாள். அருமையான படம். மூலைக்கு மூலை சுத்தம். சிவப்பு இல்லை.

"அண்ணா போறதுக்கு முதல் நாளே கழுவி எடுத்திட்டம். அப்பான்ர கையில அண்ணாதான் குடுத்தவர். அப்பா கனநேரம் பாத்திட்டு, 'இது எங்கட படம் இல்ல' எண்டு திருப்பிக் குடுத்திட்டார். 'இந்தப் பொடியன் ஆர்?' எண்டு கேட்டார். அண்ணா முன்னுக்கு நிக்கிறார் அங்கிள்."

மனைவி தேத்தண்ணியோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கொம்ப்யூட்டர்ல அந்தச் சிவப்பைப் போட்டுத் தரலாம் பிள்ளை," என்றேன். வெட்கங்கெட்ட பேச்சு. ஆனால் அந்த நேரம் எதையாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"போடலாம் அங்கிள். ஆனா அண்ணா, 'இந்தப் பொடியன் ஆர்' எண்டு அப்பா கேட்டதைக் கேட்டுக்கொண்டுதானே ப்ளேன் ஏறினவர்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லித் தப்பியிருப்பேன். "நீங்க வடிவாத்தான் செய்திருக்கிறீங்க, உங்களில பிழை இல்ல" என்றாள். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. எத்தனை வருஷமாக வெளிச்சத்தை மறித்த கை. யார் வீட்டு வெளிச்சம் என்று ஒருமுறையாவது கேட்டேனா?

"அந்தச் சிவப்பைத் திரும்ப வரப்பண்ண ஏலுமா அங்கிள்? தைப்பொங்கலுக்கு எடுக்கவேணும்."

"ஏலும்," என்றேன்.

திரும்ப ஓட்டை போட்டது

வெளிச்சத்தை உள்ளே விடுவது எனக்குத் தெரியாத வேலை. எபொக்சி கல்லாக இறுகிக் கிடந்தது. எந்த வெடிப்பு அந்த வெடிப்பு என்று தெரியவில்லை. அவள் விட்டுப்போன பழைய படம் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டேன். மேலே வலது மூலை. கெமராவைப் பின்பக்கமாகத் திருப்பி, மேலே வலது மூலையில் கம்பளி நூலைச் சுரண்டினேன். ஊசி அரத்தால் மெல்ல ஒரு கீறல் போட்டேன். வெட்கத்தில் வேலை செய்கிறவன் மேசையைப் பார்ப்பதில்லை, தன்னையேதான் பார்த்துக்கொண்டிருப்பான். டெஸ்ட் பிலிம் ஒன்று ஓட்டிப் பார்த்திருக்கலாம். கெமரா சீக்கிரம் என் கண்ணை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

பொங்கல் முடிந்து தர்ஷினி போன் எடுத்தாள்.

"அங்கிள், சிவப்பு வந்திருக்கு. ஆனா கீழ, இடது பக்கம்."

சுப்பர்வைசரின் குரல் காதில் கேட்டது. அனித் பெத்த. பிலிமில் படம் தலைகீழாகத்தான் விழும். மேல் வலதில் சிவப்பு வேண்டுமென்றால் கீழ் இடதில் அல்லவா கீறியிருக்க வேண்டும்? வேலைக்குச் சேர்ந்த பெடியனுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

"அப்பாட்டக் குடுத்தீங்களா?"

"குடுத்தம். அப்பா அங்கால திருப்பி இங்கால திருப்பிப் பாத்தார். பிறகு படத்தைத் தலைகீழா பிடிச்சார் அங்கிள். சிவப்பு மேல வலப்பக்கம் வந்திட்டுது. 'ஓம், இது எங்கட படம்' எண்டார். நாங்கள் எல்லாரும் தலைகீழா தொங்குறம், அப்பா ஒவ்வொருத்தரா பேர் சொல்லுறார்." அவள் சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. "அண்ணா இல்லைத்தானே. கொஞ்சநேரம் தேடினார். 'கஜனோ எடுத்தவன்?' எண்டு கேட்டார். அம்மா ஓம் எண்டிட்டா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் என் பிழையைத் தன் கையாலேயே திருப்பிப் பிடித்துச் சரிசெய்திருக்கிறார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"ஐயோ பிள்ளை, நான் மூலையை மாறிக் கீறிப்போட்டன். கொண்டுவாங்கோ, சரியான பக்கத்துக்கு மாத்தித் தாறன்."



"அங்கிள்," என்றாள், மிகவும் மரியாதையாக. "தயவுசெய்து இனி இதைத் திருத்தாதீங்கோ."

இப்போது யார் கெமரா கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது, இதில் நான் எதைத் தொடக்கூடாது என்பதைத்தான். சிலர் சிரிக்கிறார்கள். பதில் வரும்வரை நான் ஸ்க்ரூ ட்ரைவரைக் கையில் எடுப்பதில்லை.