எதிரே வருபவரின் கண்

தசரதன் இருபது வருடமாக, விடியும் முன்பே ஆண்டர்சன்பேட்டையிலிருந்து கோரமண்டல் ஸ்டேஷனுக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார். பெங்களூரில் ஒரு அலுவலகக் கட்டிடத்தில் லிப்ட் ஆபரேட்டர் வேலை. ரயிலைத் தவறவிடுவோமோ என்பதைவிட, இருட்டில் யாராவது இடித்துவிடுவார்களோ என்ற பயம்தான் அவருக்கு அதிகம்.

முதலில் இருந்தது டயரில் உரசிச் சுற்றும் டைனமோ விளக்கு. மிதித்தால் எரியும், நின்றால் அணையும். ஒருநாள் ரோட்டைக் கடக்கக் காலூன்றி நின்றார். விளக்கு அணைந்தது. எதிரே திரும்பிய வேன்காரனுக்கு ஆள் நிற்பதே தெரியவில்லை. ஹேண்டில்பாரில் தட்டிவிட்டுப் போய்விட்டான். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து கைகாலைத் தடவிப் பார்த்தார் தசரதன்.

அப்புறம் இரண்டு பேட்டரிக் கட்டை போடும் டார்ச்சை ஹேண்டில்பாரில் ரப்பர் போட்டுக் கட்டினார். பள்ளத்தில் இறங்கினால் அதுவும் அணையும். பிறகு வந்த சின்ன எல்.ஈ.டி. அணையவில்லை; ஆனால் பொட்டு வெளிச்சம். போன டிசம்பரில்தான் மனைவி பாக்யலட்சுமி, செல்போன் மாதிரி சார்ஜ் போடும் விளக்கு ஒன்றை வாங்கித் தந்தாள்.

"ரோடு பூரா பகலு மாதிரி கீது பாக்யா," என்றார் அன்று மாலை வீட்டுக்கு வந்ததும்.

பத்து நாள் கழித்து, பனி மூடிய ஒரு காலையில், எதிரே நடந்து வந்த பெண் கையால் கண்ணை மறைத்தாள். ஒதுங்கக் கால் வைத்தவள் சாக்கடைப் பள்ளத்தில் விழுந்தாள். தசரதன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"கண்ணே தெரியல அண்ணா. கால ஊன முடியல."

அவள் பெயர் ஐடா. ஆஸ்பத்திரி சமையல்கட்டில் வேலை. அவளைக் கேரியரில் உட்காரவைத்து அதே ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். கணுக்கால் எலும்பில் கீறல். மூன்று வாரம் மாவுக்கட்டு என்றார்கள். ரயில் எப்போதோ போயிருந்தது.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விளக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தே போனார். "வெளிச்சம் இல்லன்னா எனக்கு அடி. இருந்தா அடுத்தவங்களுக்கு," என்று மனைவியிடம் புலம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஐடாவைப் பார்க்கப் போனார்கள். பையிலிருந்து விளக்கை எடுத்துக் காட்டி, "கழட்டிட்டேம்மா, இனிமே மாட்டமாட்டேன்," என்றார்.

"அப்போ இருட்டுலயா போவீங்க? குடுங்க அத." ஐடா அதை வாங்கி மேலே இருந்த பட்டனை அழுத்தினாள். பளீரென்று எரிந்தது. இன்னொரு தரம் அழுத்த, வெளிச்சம் குறைந்தது. மறுபடி அழுத்தினாள்; இன்னும் குறைந்தது. "மூணு அளவு கீது அண்ணா. நீங்க பெருசுலயே வுட்டுனு வந்திருக்கீங்க."

பாக்யலட்சுமி சிரித்துவிட்டாள். தசரதனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் விடிகாலையில் வெளிச்சத்தைக் குறைத்து, விளக்கைத் தரைப் பக்கம் சாய்த்து மாட்டினார். மனைவியைத் தெருவில் எதிரே நடக்கவைத்து, "கண்ணு கூசுதா?" என்று நாலு தரம் கேட்டார்.

"இல்லீங்க. போங்க, ரயிலு போயிடும்."

பிப்ரவரியில் ஐடா வேலைக்குத் திரும்பினாள். இப்போதும் எதிரே யாராவது நடந்து வந்தால் தசரதன் சைக்கிளைவிட்டு இறங்கி, அவர் தாண்டிப் போகும்வரை விளக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நிற்கிறார்.