பாதி மாத்திரை

புற்றுநோய் வார்டில் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு முதல்முதலாக முடி கொட்டிய நாள். அவள் அழுதுகொண்டே குளியலறையை விட்டு வந்தாள். அடுத்த ஆள் போவதற்குள் பைண்டிங் அக்கா உள்ளே நுழைந்து, அந்த முடியையெல்லாம் ஒரு தாளில் அள்ளிச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் நின்ற அவளுடைய தங்கை மட்டும் பார்த்தாள்.

அச்சகத்தில் இருபது வருடம் புத்தகம் தைத்தவள் அக்கா. குடலில் கட்டி. அறுவைக்குப் பிறகு மாத்திரை கொடுத்தார்கள். முதல் வாரத்திலேயே வாயெல்லாம் புண், உள்ளங்கைத் தோல் உரிந்தது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

"எல்லாரும் திங்கிற மாத்திரைதானே? இவ நடிக்கிறா," என்றார் கூடப்பிறந்த அண்ணன். கட்டட மேஸ்திரி. அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று அவரே சொல்லுவார்.

டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "இந்த மருந்தைக் கரைச்சு வெளியேத்துற சக்தி உங்க உடம்புல பிறவியிலேயே கம்மிம்மா. அப்பா அம்மாகிட்டருந்து வர்றது. மத்தவங்க அளவு உங்களுக்கு விஷம். உடம்பு தேறினதும் பாதிதான் சாப்பிடணும்."

இறைவன் ஒவ்வோர் உடம்பையும் ஒவ்வொரு விதமாகச் செய்தான். மேஸ்திரிக்குத் தெரிந்தது ஒரே கலவை.

அக்கா இருந்தது அவர் வீட்டில். உடம்பு தேறி மாத்திரையை மறுபடி தொடங்கியபோதும் வாய்ப்புண் முழுதாக ஆறவில்லை; விழுங்க முடியாமல், மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து குடித்தாள். பொடித்தவர் அவர்தான். ஒரு வாரம் கழித்து அக்காவைப் பார்க்க வந்த தங்கை மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். காலியான குழிகள் இருக்கவேண்டியதைப்போல் இரண்டு மடங்கு.

"என்னண்ணே இது?"

"சிமெண்ட்டப் பாதி போட்டா சுவர் நிக்குமா? நம்மளப் பார்த்தா அந்த டாக்டருக்கு எளப்பமா இருக்கு, அதான் பாதி குடுக்குறான்."

"அக்கா சுவரா?"

"பிறவிக் குறைன்னா நம்ம அப்பா அம்மாவைச் சொல்றான்னு அர்த்தம். நம்ம ரத்தத்துல குறை கிடையாது."

"அதை ரத்தத்துக்கிட்டயே கேட்டுப் பார்த்துட்டாங்கண்ணே."

தங்கைக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்பட எதிரில் ஒரு மனுஷன் வேண்டும். நின்றது ஒரு மீசையும், சட்டைப்பையில் ஓர் அளவு டேப்பும்தான்.

எழுந்து நிற்கவும் முடியாத அக்காவை அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அண்ணன் வராந்தாவில் யாரோ ஒருவரிடம் டாக்டர்களின் லட்சணத்தை விளக்கிக்கொண்டிருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே அக்கா தங்கையைக் குனியச் சொன்னாள். அவள் கடைசியாகப் பேசியது இதுதான்.

"நாம மூணு பேரும் ஒரே வயித்துல பிறந்தவங்கடி. நாளைக்கு உனக்கோ அண்ணனுக்கோ இந்தக் கட்டி வந்தா, மாத்திரை தொடுறதுக்கு முன்னாடி ரத்தத்தைப் பார்க்கணும். நீ பார்த்துக்குவே. அவருகிட்டயும் சொல்லு. கேக்க மாட்டாரு. இருந்தாலும் சொல்லு."