மோட்டாருக்குக் கோலப்பொடி

படகு மோட்டாரில் எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஏழு வயது. கம்பத்துக்குப் பக்கத்தில், படகையே பார்த்திராத ஓர் ஊரில், எங்கள் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் வைத்துக் கண்டுபிடித்தேன். தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். நடந்ததைத்தானே சொல்கிறேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, குமுளி மலைக்கு மேலே பெரியாற்று ஏரியில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குப் படகு ஓட்டினார். படகின் பின்பக்கம் மாட்டிக் கழற்றுகிற சின்ன மோட்டார் அது. மேலே தலை, நடுவில் நீளமான கால், காலடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறி. பொங்கலுக்கு வந்தபோது அதையும் சாக்கில் சுற்றி மாட்டுவண்டியில் கொண்டுவந்துவிட்டார். எண்ணெய் மாற்ற வேண்டும் என்றது பேச்சுக்கு. தான் ஓட்டும் மோட்டாரை அக்காவுக்குக் காட்ட வேண்டும், அதுதான் சங்கதி. தொழுவத்து உத்தரத்தில் அதைத் தொங்கவிட்டு, விசிறிக்கு முன்னால் இருந்த பெட்டியின் திருகாணியைக் கழற்றினார். பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றினார். பொங்கல் ஆறிப்போகிறது என்று அம்மா சத்தம் போடவும், அவசரமாகத் திருகாணியை முறுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். அன்றைக்கு எனக்கும் ஒரு யோகம் அடித்தது. தொழுவத்து மண்ணில் சின்னதாக ஒரு செம்பு வளையம் கிடந்தது. எடுத்துச் சுண்டு விரலில் மோதிரமாகப் போட்டுக்கொண்டேன்.

மாசியில் மாமா அதே சாக்கு மூட்டையோடு மறுபடி வந்தார். முகத்தில் களையே இல்லை.

“ஊத்த ஊத்த எண்ணெய் காணாமப் போகுதுக்கா. நான் திருடி விக்கிறேன்னு தொரை சொல்றாக. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரிபண்ணிக் கொண்டாரலன்னா வேற ஆளு பாத்துக்கிருவாகளாம்.”

வேலை போவதைவிட அந்தத் திருட்டுப் பட்டம்தான் அவரை அரித்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மோட்டாரின் காலை இறக்கி ஓட்டிப் பார்த்தார். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தன. தண்ணீர்மேல் எண்ணெய் பல நிறமாகப் படர்ந்தது. எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை, கால் முழுக்கப் பிசுக்கு. விசிறித் தண்டு வழியாகத்தான் ஒழுகுகிறது என்று மாமா முடிவு கட்டினார். அங்கே நூல் சுற்றினார், சோப்பைக் குழைத்து அடைத்தார். ஒன்றுக்கும் மசியவில்லை.

“அந்த இஸ்குருவையும் ஒரு பார்வை பாரேன்ப்பா” என்றாள் அம்மா.

“அது நான் முறுக்குன இஸ்குருக்கா” என்றார் மாமா. தண்டுக்கே இன்னொரு சுற்று நூல் சுற்றினார்.

சனிக்கிழமை காலையில் வெயிலில் வைத்துப் பார்க்கலாம் என்று மாமா மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வாசலைக் கடந்தபோது, அம்மா போட்டிருந்த கோலத்தில் எண்ணெய் சொட்டியது. வெள்ளைப் பொடியில் சொட்டு விழுந்த இடம் மட்டும் கறுத்து நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மாமா, மோட்டாருக்குக் கோலப்பொடி தூவுவமா?”

“சும்மா கெட, கழுத” என்றாள் அம்மா. மாமாவுக்கு வேறு வழியும் இல்லை. “தூவட்டும்க்கா, இனிமே என்ன கெட்டுப்போகப் போகுது” என்றார்.

மண்ணெண்ணெய் தொட்டு மோட்டாரின் காலைப் பளிச்சென்று துடைத்து, உத்தரத்தில் தொங்கவிட்டார். நான் உள்ளங்கையில் பொடியை வைத்து ஊதினேன். திருநீறு பூசிய சாமியார் மாதிரி மோட்டார் தொங்கியது. மூன்று பேரும் எதிரே உட்கார்ந்தோம். விசிறித் தண்டு வெள்ளையாகவே இருந்தது. மாமா முறுக்கிய திருகாணியைச் சுற்றித்தான் பொடி ஈரமாகி, கறுப்புக் கோடாக இறங்கியது.

“இங்கன பாரு மாமா” என்று தொட்டுக் காட்டினேன்.

அம்மா நிம்மதியாக மூச்சு விட்டு அடுப்படிக்கு எழுந்து போனாள். மாமா திருகாணியைக் கழற்றினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். வெகுநேரம் கையையே பார்த்தார்.

“ஆத்தா, இந்த மோதிரம் எங்கன கெடச்சுச்சு?”

“இங்கனதான், மண்ணுல. பொங்கலன்னைக்கு.”

மாமா அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “இத மாமனுக்குக் குடுத்துரு. ஒனக்கு வெள்ளியில வாங்கியாரேன்.”

எச்சில் தொட்டுக் கழற்றிக் கொடுத்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எண்ணெய் ஊற்றித் திருகாணியை மாட்டினார். மறுபடி துடைத்துப் பொடி தூவினோம். சாயங்காலம்வரை ஒரு பொட்டு ஈரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா மலை ஏறினார். துரை தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, வேலையில் இருக்கச் சொன்னாராம். “கண்டுபிடிச்சது எங்க அக்கா மக” என்று மாமா போன இடமெல்லாம் சொன்னார். பொடியைப் பற்றிச் சொன்னார், கோலத்தைப் பற்றிச் சொன்னார். மோதிரத்தைப் பற்றி அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை. ஊரில் எனக்கு மோட்டார்க்காரி என்று பெயர் வந்தது. பங்குனியில் வெள்ளி மோதிரமும் வந்தது. விரலை நீட்டிக்கொண்டே தெருத்தெருவாக நடந்தேன். அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை.

அந்தத் திருகாணிக்கு அடியில் செம்பு வளையம் இருந்தால்தான் எண்ணெய் நிற்கும் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. அன்றைக்கு மாமா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது, வாசல் வெயில் கண்ணில் அடித்ததால் என்றுதான் நினைத்திருந்தேன்.